வாங்கி மூன்றே வாரத்தில் இலை கொட்டும் ஃபைகஸ் போன்சாய்

கேள்வி: ஐயா, ஒரு கடையில் 1,800 ரூபாய்க்கு ஃபைகஸ் (ஆல், அத்தி இனம்) போன்சாய் வாங்கினேன். கீழே கிழங்கு மாதிரி பருத்த வேர், மேலே குட்டி இலைகள். ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தேன். மூன்று வாரத்தில் பாதி இலை மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. கடைக்காரர் கொடுத்த டானிக்கை வாரம் இருமுறை ஊற்றுகிறேன். வேறு என்ன உரம் போடலாம்? ஆலமரம் மாதிரி வளைக்க எப்போது கம்பி கட்டலாம்? - ஒரு வாசகி, கோவை

பதில்: அம்மா, முதலில் அந்த டானிக்கை மூடி வையுங்கள். செடிக்குப் பசி இல்லை. ஃபைகஸுக்கு இடம் மாறினாலே இலை உதிரும், அதிலும் நர்சரி வெளிச்சத்தில் வளர்ந்ததை டிவி ஓரம் வைத்தால் கேட்கவே வேண்டாம். காலை வெயில் விழும் பால்கனியில் வைத்து, அப்புறம் அங்கேயும் இங்கேயும் தூக்காதீர்கள். கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் துளிர்த்துவிடும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை. மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் இன்றே பெயர்த்துவிடுங்கள். அது வண்டியில் வரும்போது மண் கொட்டாமலிருக்க விற்பவர் செய்த ஏற்பாடு, செடிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அடியில் பெரும்பாலும் வெறும் தேங்காய் நார்க்கழிவு, மேலே காய்ந்திருக்கும், நடுவில் சொதசொதவென்று வேர் அழுகிக்கொண்டிருக்கும். 'போன்சாய் மண்' என்று பாக்கெட்டில் வருவதை நான் பிரித்துப் பார்த்தபோதெல்லாம் அதே நார்க்கழிவுதான், கொஞ்சம் பெர்லைட் என்ற லேசான வெள்ளைத் துகளைத் தூவி, விலையை மட்டும் ஏற்றி.

என்னைக் கேட்டால் நன்றாக வெந்த பழைய செங்கல்லுக்கு ஈடு இல்லை. தண்ணீரைக் கொஞ்சம் பிடித்துவைக்கும், மிச்சத்தை விட்டுவிடும், காற்றும் போகும். பட்டாணி அளவுக்கு உடைத்துச் சலித்து, தூளைக் கழுவி எறியுங்கள். பலரும் அந்தத் தூளோடு போட்டுவிட்டு, வடிகால் அடைத்த பிறகு செங்கல்லைத் திட்டுகிறார்கள். மூன்று பங்கு செங்கல்லுக்கு ஒரு பங்கு மண்புழு உரம் போதும். சிமென்ட் ஒட்டியதும் சாம்பல் செங்கல்லும் வேண்டாம். எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள், உங்கள் தெருவில் யாராவது ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். துளிர் நன்றாக வந்தபின் மாசி, பங்குனியில் மாற்றி நடுங்கள்.

கம்பி விஷயம். உங்கள் செடி ஆலமரமாகாது. பருத்த வேரின் தலையில் சின்ன இலை ரகத்தை ஒட்டுக்கட்டி விற்கிறார்கள், கிளைகள் மொட்டைத் தலையில் செருகிய விளக்குமாறு மாதிரி நிற்கும். ஒட்டுக்குக் கீழே வெட்டினால் வேறு இலை வந்துவிடும். ஆகவே கத்தரிக்கோலே போதும்: கிளையை ஆறேழு இலை விடவிட்டு, இரண்டு இலைக்குக் குறையுங்கள். பால் வடியும், ஈரத்துணியால் ஒற்றினால் நின்றுவிடும். கம்பிதான் கட்டுவேன் என்றால் அலுமினியம், அதுவும் வாராவாரம் பாருங்கள். மழைக்காலத்தில் கிளை சட்டென்று பருத்துக் கம்பியை விழுங்கிவிடும், அந்தத் தழும்பு போக வருடக்கணக்காகும்.

ஆலமரத் தோற்றம்தான் வேண்டுமென்றால், தெரிந்தவர் வீட்டு ஃபைகஸ் வேலியிலிருந்து விரல் தடிமனில் ஒரு கிளை கேட்டு வாங்கி நட்டுவையுங்கள். சுலபமாக வேர் பிடிக்கும், செலவும் கிடையாது.