கேள்வி – பதில்: சூழலியல் கலைக்கு நிதி

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் தங்கை ஓவியர். ஆற்று மாசு பற்றி ஒரு கலைப் பணி செய்ய நினைக்கிறாள். பெண்களுக்கென்று தனி நிதி உண்டா? – வாசகி, திருச்சி.

பதில்: உண்டு. 'அனானிமஸ் வாஸ் எ வுமன்' அமைப்பு 2022 முதல், நியூயார்க் ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ் என்ற கலை அமைப்பின் மூலம் சூழலியல் கலைக்கு நிதி தருகிறது. ஒரு பணிக்கு அதிகபட்சம் 20,000 டாலர். அமெரிக்காவில் வசிக்கும் பெண் கலைஞர்களுக்கு மட்டும்தான். திருச்சியிலிருந்து நீங்கள் விண்ணப்பிக்க முடியாது. (1996-இல் 'அனானிமஸ் வாஸ் எ வுமன்' அமைப்பைத் தொடங்கிய சூசன் அன்டர்பெர்க், 2018 வரை தன் பெயரையே வெளியிடவில்லை.)

விண்ணப்பத்தில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: ஆறு கெட்டுவிட்டது என்று காட்டும் படங்களோடு நிறுத்திக்கொள்வார்கள். அது போதாது. அந்தப் பிரச்சினைக்குச் சிறிய அளவிலாவது நேரடியாக ஏதாவது செய்ய வேண்டும், பொதுமக்களும் பங்கேற்க வேண்டும். கரையில் நாணல் நடுவதென்றால் எந்த இனம், எத்தனை கன்று, யார் தண்ணீர் ஊற்றுவது, நில உரிமையாளரின் அனுமதிக் கடிதம் எங்கே – இவ்வளவும் எழுதட்டும். பட்ஜெட்டில் 'இதர செலவு' என்று மொத்தமாகப் போட வேண்டாம். கிடைக்கும் பணம் பொதுவாக வரிக்குட்பட்ட வருமானம்; அதற்கும் கொஞ்சம் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.