பேரனின் பச்சை வாந்தி

கேள்வி: பிறந்து 5 நாளே ஆன பேரன் பச்சையாக வாந்தி எடுத்தான். குடல் முறுக்கு என்று அன்றிரவே ஆபரேஷன் செய்தார்கள். என் மகள் சாப்பிட்டது ஏதாவது காரணமா, டாக்டர்?

பதில்: மகளைக் குறை சொல்லாதீர்கள், அம்மா. சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கருவில் சுமார் 10-வது வாரத்தில் குடல் 270 டிகிரி சுழன்று வயிற்றுக்குள் அமர வேண்டும். அது பாதியில் நின்றால், குடலை வயிற்றின் பின்சுவரோடு பிடித்து வைத்திருக்கும் பிடிமானம் குறுகி, குடல் முறுக்கிக்கொள்ளலாம். ரத்த ஓட்டம் அடைபட்டால் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். பால் திரிந்து வெள்ளையாகக் கக்குவது வேறு. பச்சை என்றால் பித்தநீர்; குடல் அடைபட்டிருக்கலாம் என்று அர்த்தம். வாந்தி பட்ட துணியைக் கொண்டுவரச் சொல்லி நிறத்தை நானே பார்ப்பேன். 'லேசான மஞ்சள்தான்' என்று சொல்லிக்கொண்டே கரும்பச்சையை நீட்டியவர்கள் உண்டு. அப்புறம், இந்த ஆபரேஷனில் பெரும்பாலும் குடல்வாலையும் எடுத்துவிடுவோம். டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்து வையுங்கள்.