கேஒய்சி கேட்டு வந்த மெயில்: நம்பலாமா, அழிக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 63. ஒன்பது வருடமாக ஒரு மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 3,000 ரூபாய் எஸ்ஐபி போட்டு வருகிறேன். போன வாரம் அந்த நிறுவனத்தின் பெயரில் ஒரு மெயில் வந்தது. 'உங்கள் கேஒய்சி ஹோல்டில் உள்ளது. 48 மணி நேரத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் ஃபோலியோ (ஃபண்ட் கணக்கு) முடக்கப்படும்' என்று எழுதி, கீழே ஒரு பட்டன் வைத்திருந்தார்கள். என் முழுப்பெயர் சரியாக இருந்தது. பான் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளும் சரி. 'ஃப்ராடும்மா, டெலிட் பண்ணு' என்கிறான் மகன். ஆனால் என் தோழி இதே மாதிரி வந்த மெயிலை அழித்துவிட்டு, மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்கப் போனபோது கேஒய்சி சரியில்லை என்று அலைந்தார். எதை நம்புவது? மெயிலின் படத்தை இணைத்திருக்கிறேன்.
– திருச்சி வாசகி

பதில்:

உங்கள் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தோழிக்கு நடந்ததும் நடக்கக்கூடியதுதான். கேஒய்சி என்பது முதலீட்டாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் பதிவு. கேஒய்சி ஹோல்டு என்பது மோசடிக்காரர்கள் கண்டுபிடித்த சொல் அல்ல. 2024 ஏப்ரல் முதல் மியூச்சுவல் ஃபண்ட் முதலீட்டாளர்களின் கேஒய்சி 'வேலிடேட்டட்' (முழுதாகச் சரிபார்க்கப்பட்டது), 'ரெஜிஸ்டர்டு' (பதிவானது), 'ஆன் ஹோல்டு' (நிறுத்தி வைக்கப்பட்டது) என்று பிரிக்கப்பட்டது. மொபைல் எண்ணோ மின்னஞ்சலோ சரிபார்க்கப்படாமல் இருந்தால்கூட ஹோல்டுக்குப் போய்விடும். போனால் பணம் போடவும் எடுக்கவும் தடங்கல் வரும். அப்போது ஃபண்ட் நிறுவனங்களே இப்படி மெயில் அனுப்பின. மோசடிக்காரர்களும் அதே வாசகத்தில் அனுப்புகிறார்கள்.

அதனால் 'இந்த மெயில் அசலா?' என்ற கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, 'இந்த மெயில் சொல்லும் விஷயம் உண்மையா?' என்பது. இதற்கு அந்த மெயிலைத் தொடாமலேயே பதில் கிடைக்கும். முகம் தெரியாத ஒருவர் வாசலில் நின்று 'உங்கள் வீட்டுக்குக் கரண்ட் கட் பண்ணப் போகிறார்கள், பணத்தை என்னிடம் கொடுங்கள்' என்றால் அவருடைய அடையாள அட்டையையா ஆராய்வோம்? மின்வாரிய அலுவலகத்துக்குத்தானே போய்க் கேட்போம். இதுவும் அப்படித்தான்.

உங்கள் விஷயத்தில் செய்ய வேண்டியது சுலபம். கேஒய்சி விவரங்களைப் பராமரிக்க, பங்குச் சந்தையையும் மியூச்சுவல் ஃபண்டுகளையும் கண்காணிக்கும் செபியின் அனுமதி பெற்ற ஏஜென்சிகள் இருக்கின்றன. கேஆர்ஏ என்பார்கள். சிவிஎல், கேம்ஸ், கேஃபின், என்டிஎம்எல், டாட்எக்ஸ் (இப்போது என்எஸ்இ டேட்டா அண்ட் அனலிடிக்ஸ்) ஆகியவை இதில் சேரும். சிவிஎல் கேஆர்ஏ தளத்துக்குப் போய் 'கேஒய்சி என்கொயரி' பகுதியில் பான் எண்ணைக் கொடுத்தால், உங்கள் பதிவு எந்த ஏஜென்சியிடம், என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கட்டணம் கிடையாது. தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். ஆன்லைன் பழக்கம் இல்லையென்றால் ஃபண்ட் நிறுவனத்தின் கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

போன் செய்து கேட்பதாக இருந்தால் எண்ணை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். மெயிலில் உள்ள எண் வேண்டாம். கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி முதலில் வருவதை எடுப்பதும் வேண்டாம். போலி எண்களை விளம்பரமாகவும் மேப்பில் கடைப் பெயராகவும் போட்டு வைத்திருக்கிறார்கள். ஃபண்டின் பழைய அக்கவுண்ட் ஸ்டேட்மெண்டில் அச்சாகியிருக்கும் எண்ணை எடுங்கள். வங்கி விஷயமென்றால் பாஸ்புக்கிலோ டெபிட் கார்டின் பின்புறத்திலோ இருப்பதை எடுங்கள்.

சரி, இப்போது மெயிலுக்கு வருவோம்.

பெயரும் பான் எழுத்துகளும் சரியாக இருந்ததால்தான் உங்களுக்குத் தயக்கம் வந்திருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். நம் பான் அட்டையின் நகல் எத்தனை இடத்தில் கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஜெராக்ஸ் கடை, சிம் கார்டு கடை, கடன் வாங்கித் தருவதாகச் சொன்ன ஏஜென்ட், தங்கின ஹோட்டல். போதாததற்கு நிறுவனங்களிடமிருந்தே அவ்வப்போது தகவல்கள் கசிகின்றன. பெயர், பான், பிறந்த தேதி எல்லாம் சரியாக இருந்தால், அனுப்பியவரிடம் உங்கள் தகவல் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். அவர் யார் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

எழுத்துப்பிழை இருந்தால் போலி என்ற பழைய அறிவுரையையும் நம்ப வேண்டாம். இப்போது ஏஐ உதவியோடு பிழையில்லாத ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி அனுப்புகிறார்கள். லோகோவைப் பிரதி எடுக்க ஒரு நிமிடம் போதும். இணையதள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பூட்டு, வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று சொல்லவில்லை. இந்தத் தவறான நம்பிக்கை காரணமாகவே 2023-ல் க்ரோம் பிரவுசர் அந்தப் பூட்டை எடுத்துவிட்டது.

பார்க்க வேண்டியது அனுப்பியவரின் முகவரியை. பெயரை அல்ல, முகவரியை. பெயர் இடத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம். போனில் ஜிமெயிலைத் திறந்தால் அனுப்பியவர் பெயருக்குக் கீழே ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதைத் தொட்டால் முழு முகவரி தெரியும். அதில் 'அட்' குறிக்குப் பின்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். உங்கள் ஃபண்டின் தளம் 'அபக.காம்' என்று வைத்துக்கொள்வோம். 'அபக.காம்.கேஒய்சி-சேவை.இன்' என்று ஒரு முகவரி வந்தால் கண் முதலில் 'அபக.காம்' என்பதைத்தான் பார்க்கும். ஆனால் அதன் சொந்தக்காரர் 'கேஒய்சி-சேவை.இன்' என்ற தளத்தைப் பதிவு செய்தவர். முன்னால் இருப்பதெல்லாம் அவர் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டு எழுத்தையும் நெருக்கிப் போட்டால் எம் மாதிரியே தெரியும். சின்னத் திரையில் படிக்கும்போது இதைப் பிடிப்பது சிரமம். முடிந்தால் பழைய ஸ்டேட்மெண்ட் வந்த மெயிலைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

கம்ப்யூட்டரில் பார்த்தால் இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். ஜிமெயிலில் மூன்று புள்ளியைத் தொட்டு 'ஷோ ஒரிஜினல்' போனால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சோதனைகளின் முடிவு இருக்கும். 'ஃபெயில்' என்று இருந்தால் விலகிவிடுங்கள். 'பாஸ்' என்று இருந்தால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. அந்த முகவரியிலிருந்துதான் மெயில் வந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. போலித் தளத்தைப் பதிவு செய்தவரும் தன் தளத்துக்கு இந்த ஏற்பாடுகளைச் செய்துகொண்டு 'பாஸ்' வாங்கலாம்.

வங்கிகள் விஷயத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. வங்கிகள் தங்கள் இணையதளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற அமைப்புதான் அந்த முகவரிகளைத் தருகிறது. வங்கி அல்லாதவர்கள் வாங்க முடியாது. ஆனால் முகவரியின் கடைசியில் அது இருக்க வேண்டும், நடுவில் இருந்தால் பயனில்லை. மியூச்சுவல் ஃபண்டுக்கு இது பொருந்தாது.

லிங்க் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். வங்கியில் மோசடிப் புகார்களைப் பார்க்கும் பிரிவில் சில வருடம் இருந்தேன். ஒரு நாள் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். கையில் ஒரு நோட்டு, அதில் தேதி வாரியாகக் கணக்கு. அவ்வளவு கவனமான மனிதர். "லிங்கைத் தொடவே இல்லை சார், எல்லோரும் அதைத்தானே சொல்றீங்க" என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். மெயிலோடு 'ஸ்டேட்மெண்ட்' என்ற பெயரில் ஒரு ஃபைல் இணைக்கப்பட்டிருந்தது. அது பிடிஎஃப் இல்லை, பெயர் 'ஹெச்டிஎம்எல்' என்று முடிந்தது. திறந்தால் பிரவுசரில் வங்கியின் லாகின் பக்கம் மாதிரியே ஒன்று விரிந்தது. மேலே முகவரி இடத்தில் வங்கியின் பெயரே இல்லை. பக்கமே அவர் போனுக்குள் இருந்த ஃபைல். அதில் யூசர் ஐடி, பாஸ்வேர்டு, கடைசியில் ஓடிபி வரை போட்டிருக்கிறார். எங்கள் அறிவுரையில்தான் ஓட்டை இருந்தது. அன்றிலிருந்து நான் 'லிங்கைத் தொடாதீர்கள்' என்று மட்டும் சொல்வதில்லை. மெயில் மூலமாகத் திறந்த எந்தப் பக்கத்திலும் எதையும் டைப் செய்யாதீர்கள் என்று சொல்கிறேன். ஹெச்டிஎம்எல் (இணையப் பக்கம்), ஏபிகே (போனில் ஆப்பை நிறுவுவது) என்று முடியும் ஃபைல்களைத் திறக்கவே வேண்டாம்.

கேஒய்சி மோசடியில் அவர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று தெரிந்தால் சந்தேகப்படுவது எளிது. மியூச்சுவல் ஃபண்டில் யூனிட்டை விற்றால் பணம் உங்கள் பெயரில் பதிவான வங்கிக் கணக்குக்குத்தான் போகும். ஆகவே ஃபோலியோவுக்குள் நுழைவது மட்டும் அவர்களுக்குப் போதாது. பட்டனை அழுத்தியதும் பான், ஆதார் கேட்பார்கள். அதுவரை நம்பும்படி இருக்கும், ஏனென்றால் நிஜ கேஒய்சியிலும் அவற்றைக் கேட்பார்கள். அப்புறம் 'சரிபார்ப்புக் கட்டணம் 5 ரூபாய்' என்று ஒரு பக்கம் வரும். ஐந்து ரூபாய்தானே என்று கார்டு எண், சிவிவி, ஓடிபி போடுவோம். ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் எவ்வளவு தொகை என்று எழுதியிருக்கும். அவசரத்தில் ஆறு எண்ணை மட்டும் பார்ப்போம். கேஒய்சி புதுப்பிக்க ஃபண்ட் நிறுவனம் கட்டணம் கேட்காது. ஓடிபி, சிவிவி, யுபிஐ பின் ஆகியவற்றை மெயிலிலோ போனிலோ கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 'உதவி செய்கிறோம்' என்று எனிடெஸ்க் போன்ற, உங்கள் போனை வேறொருவர் தூரத்திலிருந்து பார்க்கவும் இயக்கவும் விடும் ஆப்பைப் போடச் சொன்னாலும் அப்படித்தான்.

எல்லா மெயிலையும் அழித்துவிடும் பழக்கமும் நல்லதல்ல. 'உங்கள் மொபைல் எண் மாற்றப்பட்டது', 'புதிய வங்கிக் கணக்கு சேர்க்கப்பட்டது' என்று நீங்கள் செய்யாத மாற்றத்தைச் சொல்லும் மெயில் வந்தால், அன்றைக்கே கிளைக்கோ பழைய ஸ்டேட்மெண்டில் உள்ள எண்ணுக்கோ பேசுங்கள். அது அசலாக இருந்தால் ஒரு நாள் தாமதம்கூடப் பெரிய இழப்பாகிவிடும்.

ஒருவேளை ஏற்கெனவே பட்டனை அழுத்திவிட்டீர்கள் என்றால்? பக்கம் திறந்ததோடு மூடிவிட்டிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. பாஸ்வேர்டு போட்டிருந்தால் வேறு போனிலிருந்து முதலில் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு வங்கியுடையதை. மற்ற பாஸ்வேர்டுகளை மாற்றும் வழி மின்னஞ்சல் வழியாகத்தான் போகிறது. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள், வங்கியிலும் புகார் கொடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளர் தவறால் நடந்த மோசடியில்கூட, புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில்கூடச் சொல்லாமல் இரண்டு நாள் கழிப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இனி நீங்கள் அனுப்பிய படம். அனுப்பியவர் பெயராக உங்கள் ஃபண்ட் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. கீழே உள்ள முகவரியோ நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு 'வெரிஃபை' என்று சேர்த்த வேறொரு தளம். அதைப் பதிவு செய்ய நிறுவனத்தின் அனுமதி தேவையே இல்லை. 48 மணி நேரக் கெடுவும் சேர்ந்திருக்கிறது. என் கணிப்பில் மெயில் போலி. மகன் சொன்னபடி அழித்துவிடலாம்.

ஆனால் மெயில் போலி என்பதால் உங்கள் கேஒய்சி சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. ஒன்பது வருடத்துக்கு முன் கொடுத்த மொபைல் எண்ணை இப்போதும் வைத்திருக்கிறீர்களா? மாற்றியிருந்தால் பான், ஆதார் அட்டைகளோடு ஃபண்ட் நிறுவனத்தின் கிளைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். போகும்போது நாமினி பெயர் பதிவாகியிருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். தோழியையும் கூட்டிக்கொண்டு போனால் அவருடையதையும் பார்த்துவிடலாம்.