ரிச்மண்டின் பழைய ரயில் நிலையம்

கேள்வி: இங்கிலாந்தின் ரிச்மண்ட் நகரில் ரயில் வராத ஒரு ரயில் நிலையத்தின் படத்தைப் பார்த்தேன். தேவாலயம் போலத் தெரிகிறது. அதன் வரலாறு என்ன?

பதில்: நீங்கள் பார்த்தது வட யார்க்‌ஷயரின் ரிச்மண்ட்; லண்டனை ஒட்டிய ரிச்மண்ட் வேறு. டார்லிங்டனுக்குத் தெற்கே முதன்மைப் பாதையிலிருந்து பிரிந்த கிளைப்பாதையின் கடைசி நிலையமாக இது 1846-இல் திறக்கப்பட்டது. ‘ரயில்வே அரசர்’ எனப் பெயர்பெற்ற ஜார்ஜ் ஹட்சனின் நிறுவனங்களுக்குப் பல நிலையங்களை வடிவமைத்த ஜார்ஜ் டவுன்செண்ட் ஆண்ட்ரூஸ்தான் இதற்கும் கட்டடக் கலைஞர். கூர்முனை வளைவுகள் கொண்ட கல் முகமண்டபமும், சுவர்களுக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் கல் தாங்கிகளும்தான் உங்களுக்குத் தேவாலயத்தை நினைவூட்டியிருக்கும். உள்ளே சென்றால், வரிசையாக நிற்கும் இரும்புத் தூண்கள் தாங்கும் இரட்டைக் கூரையைக் காணலாம். ஒரு சிற்றூரின் கடைசி நிறுத்தத்துக்கு இத்தனை அக்கறை காட்டிய காலம் அது.

நகரமும் கோட்டையும் ஸ்வேல் ஆற்றின் ஒரு கரையில் மேட்டின்மேல் இருக்க, நிலையம் மறுகரையில் அமைந்தது. ஆகவே ரயில் நிறுவனமே ஆற்றின் குறுக்கே பாலம் கட்டியது. இறங்கிய பயணிகள் அதைக் கடந்து, ஏற்றத்தில் ஏறித்தான் ஊருக்குள் போனார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் அருகே கேட்டரிக் படைமுகாம் எழுந்தபின், படைவீரர்களின் போக்குவரத்தும் இந்தக் கிளைப்பாதையில் சேர்ந்துகொண்டது.

பேருந்தும் காரும் பெருகிப் பயணிகள் குறைந்துவந்த நிலையில், நாடெங்கும் 2,363 நிலையங்களை மூடப் பரிந்துரைத்த பீச்சிங் அறிக்கை 1963-இல் வெளியானது. அந்தக் காலகட்டத்தின் மூடல்களில் ஒன்றாக, ரிச்மண்டில் பயணிகள் சேவை 1969 மார்ச்சில் நின்றது.

பின்னர் பல ஆண்டுகள் இங்கே செடிகளும் தோட்டப் பொருள்களும் விற்கும் கடை நடந்தது. அதை இழிவாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆள் புழங்காத கட்டடம் கூரை ஒழுகியே அழிந்துவிடும், இது அப்படி அழியவில்லை. ரிச்மண்ட்ஷயர் கட்டடப் பாதுகாப்பு அறக்கட்டளை இதைப் புதுப்பித்து, திரையரங்கு, உணவகம், ஓவியக்கூடம், உணவு தயாரிப்போரின் சிறு கூடங்கள் ஆகியவற்றுடன் 2007-இல் திறந்தது. பழைய பாதைத்தடத்தின் ஒரு பகுதியில் ஈஸ்பி மடாலயம் நோக்கி நடக்கலாம். அங்கே ரயில் ஆற்றைக் கடந்த பாலத்தை இன்று நடப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள்.