வாசகர் கேள்வி பதில்: ஆண்டவர் துரத்தினா அதோட முடிஞ்சுதா?

தவக்காலம் ஆரம்பிச்சதுல இருந்து வர்ற லெட்டர் நிறைய ஒரே விஷயத்தைத்தான் சுத்துது. வீட்டை விட்டு விலக்கி வைக்கிறது, நாடு கடத்தப்படுறது, வெளியூர்ல கிடந்து தவிக்கிறது. அதனால இந்த தடவை அதுக்கு மட்டும் பதில் எழுதுறேன்.

கேள்வி: எங்க அக்கா பல வருஷம் முன்னாடி வேற ஜாதிப் பையனை கல்யாணம் பண்ணிக்கிட்டா. அன்னைக்கு கதவைச் சாத்தின அப்பா இன்னும் திறக்கல. அக்காக்க பிள்ளைங்க முகத்தைக்கூட அவரு பார்த்தது இல்ல. சபையில அசனம், அதான் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற விருந்து நடக்கிற அன்னைக்கு அவ ரோட்டுல நின்னு பார்த்துட்டு போயிடுவா. அப்பாகிட்ட கேட்டா, "ஆதாமையும் ஏவாளையுமே ஆண்டவர் வெளிய தள்ளினாரு, நான் செஞ்சதுல என்ன தப்பு"ன்னு வசனம் சொல்லுதாரு. வேதம் அப்படித்தான் சொல்லுதா?
- பெயர் வேண்டாம், தக்கலை பக்கம்

பதில்: மக்ளே, மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், உங்க அக்கா செஞ்சதை ஏதேன் தோட்டத்துப் பாவத்தோட சேர்த்து வைக்கிறதே எனக்கு ஒப்புக்கல. ஜாதி மாறி கட்டினது பாவம்னு வேதத்துல எங்கேயும் இல்ல. ஆனா அப்பா வசனத்தை எடுத்துட்டாரு, அதனால வசனத்துலயே பேசுவோம். அவரு சொன்னது ஆதியாகமம் 3ல இருக்கு, 23ம் வசனம். அதுக்கு ரெண்டு வசனம் மேல 21ஐ அவரு வாசிக்கணும். வெளிய அனுப்புறதுக்கு முன்னாடி ஆண்டவரே தோல்ல உடுப்பு செஞ்சு ரெண்டு பேருக்கும் உடுத்தி விடுறாரு. அவங்க கட்டியிருந்தது அத்தி இலை, அது எத்தனை நாளைக்கு தாங்கும், போற இடம் முள்ளு முளைக்கிற நிலம், அதை யோசிச்சு உடுத்தி அனுப்பியிருக்காரு. வாசல்ல காவலுக்கு கேருபீன்ங்கிற தேவதூதர் நிக்குறதும் பட்டயம் சுழலுறதும் உண்மைதான், தண்டனை தண்டனைதான், ஆனா அடுத்த அதிகாரத்தைத் திறந்தா தோட்டத்துக்கு வெளிய அவங்க பிள்ளைங்க காணிக்கை கொண்டு வர்றாங்க, ஆண்டவர் காயீன்கிட்ட பேசிக்கிட்டு இருக்காரு. அப்போ அவரும் வெளிய வந்துட்டாருன்னுதானே அர்த்தம்?

காயீன் சொந்தத் தம்பியைக் கொன்னவன். அவனும் துரத்தப்படுறான், பார்க்கிறவன் எவனும் என்னைக் கொன்னுடுவானேன்னு பயப்படுறான், உடனே யாரும் அவனைக் கொல்லாதபடி ஆண்டவர் ஒரு அடையாளம் போடுறாரு. நம்ம ஊர்ல காயீன் அடையாளம்னாலே சாபக்குறின்னு பிரசங்கம் பண்றாங்க, அது அவனைக் காப்பாத்தப் போட்டது.

ஆபிரகாமுக்குப் பிள்ளை பெத்த அடிமைப்பெண் ஆகார் கதை எனக்கு எப்பவும் கஷ்டமா இருக்கும். கொஞ்சம் அப்பமும் ஒரு துருத்தி தண்ணியும் குடுத்து ஆபிரகாம் அனுப்பிடுறாரு, பெயெர்செபா வனாந்தரத்துல தண்ணி தீர்ந்து போச்சு, பிள்ளையை ஒரு செடி அடியில போட்டுட்டு, அது சாகுறதைப் பார்க்கமாட்டேன்னு அம்பு பாயுற தூரத்துல போய் உக்காந்து அழுறா. பிள்ளையோட சத்தத்தை ஆண்டவர் கேட்டார்னு எழுதியிருக்கு. வீட்டுக்குள்ள ஈசாக்குக்கு எல்லாம் கிடைச்சுது சரி, ஆனா வெளிய துரத்தப்பட்டவளுக்குத்தான் அன்னைக்கு கண்ணைத் திறந்து கிணத்தைக் காட்டினாரு.

இதுக்கெல்லாம் மேல உங்க அப்பாவுக்கு நான் காட்ட நினைக்கிறது 2 சாமுவேல் 14. தாவீது ராஜாவோட மகன் அப்சலோம் அண்ணனைக் கொன்னுட்டு, தாத்தா ராஜாவா இருந்த கேசூருக்கு ஓடி மூணு வருஷம் அங்கேயே கிடக்குறான். தாவீதுக்கு உள்ளுக்குள்ள மகன் மேல ஏக்கம், ஆனா கூப்பிட மனசு வரல. தாவீதோட படைத்தலைவன் யோவாப் என்ன பண்றான், தெக்கோவா ஊர்ல இருந்து புத்திசாலியான ஒரு அம்மாவை துக்க உடுப்பு போட்டு ராஜாகிட்ட அனுப்புறான். அந்த அம்மா, எனக்கு ரெண்டு பையன், ஒருத்தன் இன்னொருத்தனை அடிச்சுக் கொன்னுட்டான், இப்போ சொந்தக்காரங்க மிச்சம் இருக்கிறவனையும் கொல்லணும்னு நிக்குறாங்க, எனக்கு மிஞ்சின ஒரே தணலையும் அணைச்சுடுவாங்கன்னு அழுறா. ராஜா மனசு இளகி, உன் மகன் தலைமுடி ஒண்ணுகூட விழாதுன்னு சத்தியம் பண்ணிடுறாரு. அப்போதான் அவ கேக்குறா, அப்படின்னா நீங்க ஏன் உங்க மகனைத் திரும்பக் கூட்டிட்டு வரலன்னு. நாம எல்லாரும் சாகப்போறவங்க, தரையில கொட்டின தண்ணி மாதிரி, திரும்ப அள்ள முடியாது, ஆனா துரத்தப்பட்டவன் ஒரேயடியா தள்ளிப்போகாம இருக்க ஆண்டவர் வழி யோசிக்கிறாருன்னு சொல்றா. 14ம் வசனம், அப்பாவை வாசிக்கச் சொல்லுங்க. வேதத்துல துரத்தப்பட்டவங்களைப் பத்தி வர்ற எல்லாத்தையும் நான் இந்த ஒரு வசனத்தை வச்சுத்தான் புரிஞ்சுக்கிறேன்.

அதுக்கு அப்புறம் நடந்ததையும் சொல்லணும். தாவீது மகனைக் கூப்பிட்டாரு, ஆனா பாதி மனசோட. எருசலேமுக்கு வரட்டும், என் முகத்தைப் பார்க்கக்கூடாதுன்னுட்டாரு. ஒரே ஊர்ல ரெண்டு வருஷம் மகன் அப்பா முகத்தைப் பார்க்காம இருந்தான். அந்தக் கசப்பு கலகமாகி, கடைசியில அவன் செத்தப்ப, "என் மகனே அப்சலோமே, உனக்குப் பதிலா நான் செத்திருக்கக்கூடாதா"ன்னு ராஜா கதறினாரு. அதனால அப்பா அக்காவைக் கூப்பிட்டா முழுசா கூப்பிடணும், பிள்ளைங்களையும் மருமகனையும் சேர்த்து, பந்தியில பக்கத்துல உக்கார வச்சு.

சபை ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கேன்னு பெரியவங்க கேப்பாங்க. இருக்கு, 1 கொரிந்தியர் 5ல பவுலே ஒருத்தனை விலக்கச் சொல்றாரு, தகப்பனோட மனைவியை வச்சிருந்தவன். ஆனா அதே சபைக்கு எழுதின ரெண்டாவது நிருபத்துல, தண்டனை வாங்கின ஒருத்தனைப் பத்தி, போதும், மன்னிச்சு ஆறுதல் சொல்லுங்க, இல்லேன்னா அவன் துக்கத்துல மூழ்கிடுவான்னும் எழுதுறாரு. எண்ணாகமம் 12ல மோசேயோட அக்கா மிரியாமை ஏழு நாள் பாளயத்துக்கு வெளிய வச்சாங்க, அவ உள்ள வர்ற வரைக்கும் மொத்த ஜனமும் நகராம காத்துக்கிட்டு இருந்துச்சு. அந்த விலக்கலுக்கு ஒரு நாள் கணக்கு இருந்துச்சு, காத்திருக்க ஆள் இருந்தாங்க. உங்க வீட்டுல அது ரெண்டுமே இல்லையே மக்ளே.

கேள்வி: குவைத்துல ஏசி மெக்கானிக்கா இருக்கேன். வீடு கட்டின கடன் தீரல, ஊருக்கு வர முடியல. ரூம்ல மாட்டியிருக்கிற காலண்டர்ல எரேமியா 29:11 இருக்கு, உங்க மேல நான் நினைக்கிறது தீமைக்கு இல்ல, சமாதானத்துக்குன்னு ஆண்டவர் சொல்ற வசனம், அதைப் பார்த்துட்டுதான் வேலைக்குப் போறேன். பாபிலோன் சிறையிருப்புல இருக்கிற மாதிரியே தோணுது. அந்த வாக்குத்தத்தம் எனக்கும் சேருமா?
- குளச்சல் வாசகர்

பதில்: சேரும் தம்பி, ஆனா 10ம் வசனத்தையும் சேர்த்து வாசிங்க, அதுல எழுபது வருஷம் கழிச்சுத்தான் திரும்பக் கூட்டிட்டு வருவேன்னு போட்டிருக்கு.

கி.மு. 597ல பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடிச்சு, யூதாவோட யோயாக்கீன் ராஜாவையும் பெரியவங்களையும் தச்சர் கொல்லர்களையும் பாபிலோனுக்குக் கொண்டு போயிட்டான். 586ல ஆலயத்தையே எரிச்சு இன்னும் நிறைய பேரைக் கொண்டு போனான். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் எரேமியா தீர்க்கதரிசி, பாபிலோன்ல இருந்தவங்களுக்கு உங்க வசனம் வர்ற அந்தக் கடிதத்தை எழுதுறாரு. அப்போ அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி, ரெண்டே வருஷத்துல எல்லாரும் திரும்பிடுவீங்கன்னு சொல்லி கைத்தட்டல் வாங்கிக்கிட்டு இருந்தான். எரேமியா எழுதினது வேற, வீடு கட்டிக் குடியிருங்க, தோட்டம் போட்டு அதோட பலனைச் சாப்பிடுங்க, பிள்ளைங்களுக்கு கல்யாணம் பண்ணி வைங்க, நீங்க இருக்கிற பட்டணம் நல்லா இருக்க ஜெபம் பண்ணுங்க. தங்களைச் சிறைபிடிச்சவன் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணச் சொல்றாரு, இதை அந்த ஜனம் எப்படி ஜீரணிச்சிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவங்க நிறைய பேர் பாபிலோன்லயேதான் செத்திருப்பாங்க. நம்பிக்கை அவங்க பேரப்பிள்ளைங்களுக்கும் சேர்த்து. இது மொத்த ஜனத்துக்கும் எழுதினது, தனி ஒருத்தனோட லோன் எப்போ முடியும்னு பார்க்கிறதுக்கு இல்ல, கோவிச்சுக்காதீங்க.

உங்களை யாரும் சங்கிலி போட்டுக் கூட்டிட்டுப் போகல, கடன்தான் கூட்டிட்டுப் போச்சு, அந்த வித்தியாசம் இருக்கு. ஆனா ஒரு விஷயம் உங்களுக்கு அப்படியே பொருந்தும். அந்தக் காலத்துல ஆலயம் இருக்கிற இடத்துலதான் ஆண்டவர்னு ஜனம் நம்பிக்கிட்டு இருந்துச்சு. எசேக்கியேல் தீர்க்கதரிசி பாபிலோன் தேசத்துல கேபார் நதி ஓரத்துல, சிறைப்பட்டவங்க நடுவுல உக்காந்திருக்கும்போதுதான் வானம் திறந்து ஆண்டவரோட மகிமையைப் பார்க்கிறாரு. 10, 11ம் அதிகாரத்துல அந்த மகிமை எருசலேம் ஆலயத்தை விட்டுக் கிளம்பி கிழக்கே போகுது. சிதறிப்போன தேசங்கள்ல நானே அவங்களுக்குப் பரிசுத்த ஸ்தலமா இருப்பேன்னு ஆண்டவர் சொல்றதும் அங்கேதான். லீவு கிடைச்சு ஊர்க் கோயிலுக்கு வந்தாத்தான் ஜெபம்னு நினைக்காதீங்க, உங்க ரூம் போதும்.

யோயாக்கீன் ராஜா என்ன ஆனாருன்னு நிறைய பேர் கவனிக்கிறது இல்ல. 18 வயசுல போனவரு, 37 வருஷம் கழிச்சு சிறையை விட்டு வெளிய வந்து ராஜாவோட பந்தியில சாப்பிட்டாருன்னு 2 இராஜாக்கள் முடியுது. பாபிலோன்ல தோண்டி எடுத்த களிமண் பலகையில, யூதா ராஜாவுக்கும் அவரோட பிள்ளைங்களுக்கும் எண்ணெய் அளந்து குடுத்த ரேஷன் கணக்கு இருக்கு, 1939ல அதை அச்சுல வெளியிட்டாங்க. நம்ம ரேஷன் கடை பில் மாதிரி ஒரு கணக்குல அவரு பேர் இன்னைக்கும் நிக்குது.

கேள்வி: சங்கீதம் 137ஐ அழகா பாட்டா பாடுறாங்க. ஆனா கடைசி வசனத்துல குழந்தைங்களைக் கல்லுல மோதுறவன் பாக்கியவான்னு வருது. இது எப்படி வேதத்துல இருக்கலாம்?
- நாகர்கோவில் ஆசிரியை

பதில்: கத்தோலிக்க குருமார் சொல்ற ஜெபப் புத்தகத்துல 6ம் வசனத்தோட நிறுத்திடுறாங்க டீச்சர், நெருடல் உங்களுக்கு மட்டும் இல்ல. என்கிட்ட கேட்டா விட்டுட்டு வாசிக்கக்கூடாது. இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவங்க பாட்டு. எருசலேம் விழுந்தப்ப சிதேக்கியா ராஜாவோட பிள்ளைங்களை அவன் கண்ணு முன்னாடி வெட்டிட்டு அப்புறம் அவன் கண்ணைப் பிடுங்கினாங்க, புலம்பல் 2ல குழந்தைங்க அம்மா மடியிலயே உயிரை விடுறாங்க. அதைக் கண்ணால பார்த்தவன் வாய்ல வந்தது இது. ஆண்டவர் அப்படிச் செய்யச் சொல்லல, அவன் அவர்கிட்ட கொட்டுறான், கையில கல்லை எடுக்கல.

கேள்வி: தேவசகாயம் பிள்ளையையும் நாடு கடத்தினாங்கன்னு சொல்றாங்க. அதுவும் பாபிலோனும் ஒண்ணா?
- ஆரல்வாய்மொழி வாசகர்

பதில்: ஒண்ணு இல்ல. பாபிலோனுக்குப் போனது ஜனங்களோட பாவத்துக்கு வந்த தண்டனைன்னு தீர்க்கதரிசிகளே சொல்றாங்க. விசுவாசத்துக்காக வெளிய தள்ளப்படுறது வேற. பத்மு தீவுல கிடந்த யோவான், பார்வை கிடைச்சதால ஜெப ஆலயத்தை விட்டுத் தள்ளப்பட்ட யோவான் 9ம் அதிகாரத்து மனுஷன், இவங்க வரிசையில வர்றவரு அவரு. தள்ளிட்டாங்கன்னு கேள்விப்பட்டு இயேசுவே அந்த மனுஷனைத் தேடிப் போய்ப் பார்த்தாரு.

தேவசகாயம் பிள்ளை நம்ம நட்டாலத்துல 1712ல பிறந்தவரு, திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா அரண்மனையில அதிகாரியா இருந்தவரு, 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் எடுத்தாரு. அவருக்கு விசுவாசத்தைச் சொல்லிக் குடுத்த டிலனாய், 1741 குளச்சல் போர்ல பிடிபட்ட டச்சுப் படை கேப்டன். சொந்த நாட்டுக்குத் திரும்பாம உதயகிரி கோட்டையிலயே அடக்கம் ஆனவரு. அந்நிய மண்ணுல கைதியா வந்த ஒருத்தர் வாயால கேட்டு நம்ம ஊர்க்காரர் விசுவாசிச்சாரு, இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைஞ்சு போகும். எருக்கம்பூ மாலை போட்டு எருமை மேல ஊர் ஊரா கொண்டு போய், கடைசியில நாட்டோட எல்லையில உங்க ஆரல்வாய்மொழி காட்டுப் பக்கம் விட்டாங்க, அங்கேயும் ஜனம் அவரைத் தேடி வந்துச்சுன்னு சொல்றாங்க. 1752 ஜனவரி 14ல காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க, 2022 மே 15ல ரோம்ல புனிதர் பட்டம் குடுத்தாங்க. இயேசு நகர வாசலுக்கு வெளிய பாடுபட்டாரு, நாமளும் அவரோட நிந்தையைச் சுமந்து பாளயத்துக்கு வெளிய அவர்கிட்ட போவோம்னு எபிரேயர் 13ல இருக்கே, அதைக் காற்றாடிமலையில நின்னு ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க.

கேள்வி: வாலிபர் ஐக்கியத்துல சிறையிருப்பு பத்தி படிக்கப் போறோம். எங்க ஆரம்பிக்கலாம்?
- மார்த்தாண்டம்

பதில்: 2 இராஜாக்கள் 24, 25ல ஆரம்பிங்க, அப்புறம் புலம்பல் அஞ்சு அதிகாரத்தையும் ஒரே மூச்சுல சத்தமா வாசிங்க, அதுக்குப் பிறகு எரேமியா 28, 29. எசேக்கியேல் முழுசும் வேண்டாம், 1, 10, 11, 37 போதும். கடைசியா எஸ்றா 1, 2. பெர்சியா ராஜா கோரேஸ் பாபிலோனைப் பிடிச்சது கி.மு. 539, அவன் கட்டளைப்படி திரும்பின சபையார் 42,360 பேர்னு எஸ்றா கணக்கு குடுக்குறாரு, வராம அங்கேயே தங்கினவங்களும் நிறைய, ஏன் தங்கினாங்கன்னு பிள்ளைங்களை விவாதிக்க விடுங்க. கத்தோலிக்கப் பிள்ளைங்க யாராவது வந்தா தோபித்து கதையைச் சொல்லச் சொல்லுங்க, நினிவேயில சிறைப்பட்டிருந்தும் தன் ஜனத்துல செத்தவங்களை எடுத்து அடக்கம் பண்ணினவரு, நம்ம புரொட்டஸ்டண்ட் பைபிள்ல அந்தப் புத்தகம் இல்லாததால நம்ம பிள்ளைங்களுக்கு அது தெரியாமலேயே போயிடுது.