தகட்டு எண்ணை மட்டும் நம்பி விற்காதீர்கள்

கேள்வி: காலமான என் சித்தப்பாவின் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் என்னிடம் இருக்கிறது. பின்பக்கத் தகட்டில் ‘எல்’ என்று தொடங்கும் எண். இணையத்தில் தேடினால் 1964 என்கிறது. வாங்க வந்த தரகர், கிட்டாரைக் கொடுத்தால் சான்றிதழும் தானே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: முதலில், கிட்டாரை அவரிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரு நாள்கூட வேண்டாம். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பழைய பிக்அப்பைக் கழற்றிக்கொண்டு புதியதை வைத்து மூடிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. அப்படிச் சூறையாடப்பட்ட கிட்டார்கள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. திறந்து பார்க்கவே மனசு வராது.

‘எல்’ எண்கள் 1962 கடைசியிலிருந்து 1965 வரை வந்தவைதான். ஆனால் அந்தத் தகடு நான்கு திருகில் நிற்கிற ஒரு இரும்புத் துண்டு. தொழிற்சாலையிலேயே கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டினார்கள். அசல் தகடு தனியாகவும் விலைக்குக் கிடைக்கிறது, போலியும் கிடைக்கிறது. எண்ணைத் தட்டினால் வருஷம் காட்டும் பட்டியல்கள் இதையெல்லாம் சொல்வதே இல்லை. கிட்டாரைத் தொடாமல், படத்தைப் பார்த்து அச்சடித்துத் தரும் சான்றிதழுக்கும் சந்தையில் மரியாதை இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

கிட்டாரின் தலையை, அதாவது தந்தி முறுக்கும் சாவிகள் இருக்கும் முனையைப் பாருங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டருக்குப் பெரிய தலை வந்தது 1965 கடைசியில். உங்களுடையது பெரிய தலை என்றால் 1964 என்ற பேச்சே இல்லை.

சிறிய தலையா? சரி, தந்திகளைத் தளர்த்தி, அந்த நான்கு திருகையும் உங்கள் கண்முன் கழற்றச் சொல்லுங்கள். கழன்று வரும் கழுத்தின் அடியில் ‘2 மார்ச் 64 பி’ என்பதுபோல ஒரு முத்திரை இருக்க வேண்டும். முதலில் உள்ள 2 தேதி அல்ல, மாடல் எண். கடைசி எழுத்து கழுத்தின் அகலம்.

அப்புறம் முன்பக்க பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கினால் வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மின்பாகங்களான பாட்களின் முதுகில் எண் தெரியும். 3046352 என்றால், 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனம், 63 வருஷம், 52 வாரம். அந்த வாரத்துக்கு முன் இந்த கிட்டார் முழுசாகியிருக்க முடியாது. பாட் சொல்வது அவ்வளவுதான்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 1966-இல் ஃபெண்டர் பாட்களை ஏராளமாக வாங்கிக் குவித்தது. அவை தீர வருஷக்கணக்கானது. அதனால் 1969-இல் செய்த கிட்டாரிலும் 66 என்று இருக்கும். ‘பாட் 66, அதனால் கிட்டாரும் 66’ என்று கூடுதல் விலை சொல்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். 66 கண்ணில் பட்டால் கழுத்து முத்திரையைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். உங்களுடையதில் 66 இருந்தாலோ, ஒன்று பாட் மாற்றப்பட்டிருக்கிறது, இல்லையென்றால் அது 1964 கிட்டாரே இல்லை.

கம்பிகளை ஈயம் உருக்கி ஒட்டிய, அதாவது சால்டர் வைத்த இடங்களையும் பாருங்கள். பழையது மங்கிக் கிடக்கும். பளபளவென்று இருந்தால் பிறகு யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய திருகு ஒவ்வொன்றும் தன் துளைக்கே திரும்பட்டும். துடைப்பதும் பாலிஷ் போடுவதும் இப்போதைக்கு வேண்டாம்.