ஸ்பெயினில் ஃபிளமெங்கோ தவிர பாலேயிலும் பெரிய ஆட்கள் உண்டா?

ஸ்பெயின் என்றாலே ஃபிளமெங்கோ நடனம்தான் நினைவுக்கு வருகிறது, பாலேயில் உலக அளவில் பெயர் வாங்கியவர் யாராவது இருந்தால் அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறைய பேர் இருக்கிறார்கள். ஆங்கெல் கொரேயா நியூயார்க்கில் அமெரிக்கன் பாலே தியேட்டரில் கொடிகட்டிப் பறந்தவர். ஹோசே மார்ட்டினெஸ் பாரிஸ் ஓப்பராவில் நட்சத்திர நடனக் கலைஞராக இருந்து, பிறகு அங்கேயே பாலே இயக்குநராகவும் ஆனவர். ஆனால் நான் ஒருவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், தமாரா ரோஹோ. (ரோஜோ என்று சிலர் எழுதுவார்கள், ஸ்பானிய உச்சரிப்பு ரோஹோ. அந்த மொழியில் சிவப்பு என்று பொருள்.) அவரைவிட அழகாக ஆடியவர்கள் யார் யார் என்று பட்டியல் போட்டுச் சண்டை பிடிக்கலாம், அது வேறு விஷயம். ஆடிக்கொண்டிருக்கும்போதே, இந்த நடனங்களை யார் அமைக்கிறார்கள், யாரைப் பற்றி அமைக்கிறார்கள் என்று கேள்வி கேட்டு, அதற்குப் பதிலைத் தானே செய்துகாட்டியவர் என்பதால் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

பிறந்தது 1974-ல், கனடாவின் மாண்ட்ரியலில். பெற்றோர் ஸ்பானியர்கள். நாலு மாதக் கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் மாட்ரிட் திரும்பிவிட்டது. ஐந்து வயதில் ஒருநாள் பள்ளி விட்டு அம்மா வரத் தாமதமாக, வெளியே நின்ற குழந்தையை ஓர் ஆசிரியை உள்ளே கூட்டிப்போனாராம், அங்கே பாலே வகுப்பு நடந்துகொண்டிருந்ததாம். அப்படித்தான் தொடங்கியது. அப்புறம் விக்தோர் உயாத்தே என்ற பெரிய குருவிடம் போய்ச் சேர்ந்தார். உயாத்தேதான் 1979-ல் ஸ்பெயின் அரசின் செவ்வியல் பாலே குழுவுக்கு முதல் இயக்குநராக இருந்தவர், தொண்ணூறுகளில் உலகம் முழுக்கப் போய் ஆடிய ஸ்பானியக் கலைஞர்களில் பலர் அவர் கையில் வளர்ந்தவர்கள்தான்.

உலகம் முழுக்கப் போய் என்று சொன்னேன் பாருங்கள், அதில் ஒரு வருத்தமும் இருக்கிறது. 1990-ல் அந்த அரசுக் குழு நாச்சோ துவாத்தோ கைக்கு வந்தது. அவர் மிகச் சிறந்த கலைஞர், குழுவை முழுக்க நவீன நடனத்தின் பக்கம் கொண்டுபோனார், உலகப் புகழும் கிடைத்தது. ஆனால் ஸ்வான் லேக், ஜிசெல் போன்ற செவ்வியல் பாலே ஆடத்தான் படித்தேன் என்கிற பிள்ளைகளுக்குச் சொந்த நாட்டு அரசுக் குழுவில் இடமில்லாமல் போயிற்று. கொரேயா போனார், மார்ட்டினெஸ் முன்பே போயிருந்தார், ரோஹோவும் போனார். 2005-ல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசர் விருதை ரோஹோவுக்கும் ரஷ்ய மேதை மாயா பிளிசெட்ஸ்காயாவுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த ரஷ்ய அம்மா எண்பதுகளின் இறுதியில் ஸ்பெயினின் அரசுக் குழுவுக்கே இயக்குநராக இருந்தவர். மாட்ரிட்டில் வளர்ந்த பெண்ணோ லண்டனில் ஆடிக்கொண்டிருந்தார்.

1994-ல் பாரிஸ் சர்வதேச நடனப் போட்டியில் தங்கப் பதக்கம். நடுவர்களில் ஒருவரான கலினா சாம்சோவா அவரை ஸ்காட்டிஷ் பாலேவுக்கு அழைத்தார். 1997-ல் லண்டனில் இங்கிலிஷ் நேஷனல் பாலே, 2000-ல் ராயல் பாலேயில் முதன்மைக் கலைஞர். காயம்பட்ட ராயல் பாலே நட்சத்திரம் டார்சி பஸ்ஸலுக்குப் பதிலாக அவர் ஜிசெல்லாக இறங்கியதும் அந்த நேரத்தில்தான். கியூபாவிலிருந்து வந்த கார்லோஸ் அகோஸ்டாவோடு அவர் ஆடிய ரோமியோ ஜூலியட்டைப் பதிவிலாவது பார்த்துவிடுங்கள்.

அவர் ஆட்டத்தில் என்ன விசேஷம் என்று கேட்டால் நான் ரோஸ் அடாஜியோவைக் காட்டுவேன். ஸ்லீப்பிங் பியூட்டியில் வரும் காட்சி அது. அரோரா இளவரசிக்குப் பதினாறு வயது, நாலு இளவரசர்கள் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். அவள் வலதுகால் விரல்நுனியில் நிற்கிறாள், இடதுகால் மடங்கிப் பின்னால் உயர்ந்திருக்கிறது. ஒருவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளைச் சுற்றி நடக்க, அவள் நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி மெதுவாக ஒரு சுற்று வருகிறாள். சுற்று முடிந்ததும் கையை விட்டுவிட வேண்டும். விட்டு, இரண்டு கைகளையும் தலைக்குமேல் கொண்டுபோய், அடுத்தவன் கையைப் பிடிக்கும்வரை அந்த ஒற்றை விரல்நுனியில் தனியாக நிற்க வேண்டும். நாலு பேர், நாலு தடவை. காலை மாற்றக் கூடாது, கீழே இறக்கவும் கூடாது. பலர் அடுத்தவன் கையை அவசரமாக எட்டிப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன், கணுக்கால் நடுங்குவது கடைசி வரிசைக்கே தெரியும். ரோஹோ எட்டிப் பிடிக்க மாட்டார். கையை விட்டபிறகு அவசரமே இல்லாமல் நின்று, வந்தவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்புறம்தான் கையைக் கொடுப்பார். அந்தச் சில நொடிகளில் நான் மூச்சு விட்டதே இல்லை.

காலணிக்குள் இரும்போ கட்டையோ இருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி எதுவும் இல்லை, துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டி இறுக்கிய நுனிதான். ஆடஆட அது நைந்துபோகும், பெரிய வேடம் என்றால் ஒரே இரவில் ஒரு ஜோடி தீர்ந்துவிடும்.

சரி, கேள்வி கேட்டவர் என்றேனே. 2012-ல், 38 வயதில், இங்கிலிஷ் நேஷனல் பாலேயின் கலை இயக்குநர் ஆனார். ஆடுவதையும் நிறுத்தவில்லை. இருபது வருடம் மேடையில் ஆடியும் ஒரு பெண் அமைத்த பாலேயில் தான் ஆடியதே இல்லை என்று அவர் சொன்னபோது எனக்கு நம்பவே முடியவில்லை. ஆடுகிறவர்களில் முக்கால்வாசி பேர் பெண்களாகத் தெரிகிற கலையில் இப்படி. புலம்பிவிட்டு விடவில்லை அவர். 2016-ல் மூன்று பெண் நடன அமைப்பாளர்களைக் கொண்டு ஒரு முழு மாலை நிகழ்ச்சியை உருவாக்கினார், அதில் மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவைப் பற்றிய பாலேயில் தானே ஃப்ரீடாவாக ஆடினார்.

அதற்குமுன் 2014-ல், முதல் உலகப்போரின் நூற்றாண்டுக்காக, கதக் கற்று வளர்ந்த நடன அமைப்பாளர் அக்ரம் கானை அழைத்து ஒரு படைப்பு செய்யச் சொன்னார். கான் போர்த்தளவாட ஆலைகளில் உழைத்த பெண்களை எடுத்துக்கொண்டார், அதே வருடம் கிளாஸ்டன்பரி இசைவிழாவின் பெரிய மேடையில்கூட அதை ஆடினார்கள். அந்த நட்பில்தான் 2016-ல் புதிய ஜிசெல் பிறந்தது. பழைய ஜிசெல் திராட்சை அறுவடை செய்யும் கிராமத்துப் பெண். கானுடைய ஜிசெல், மூடப்பட்ட ஆடைத் தொழிற்சாலையிலிருந்து துரத்தப்பட்ட புலம்பெயர் தொழிலாளி. அந்த நவம்பரில் லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் அதைப் பார்த்தேன். மேடை முழுக்க ஒரு பெரிய சுவர். இரண்டாம் பாதியில் செத்துப்போன ஆலைப் பெண்களின் ஆவிகள் வருகின்றன, தலைவிரி கோலமாக, விரல்நுனியில் நின்றபடி, கையில் நீளமான பிரம்புகளோடு. சின்ன வயதில் ஐந்து வருடம் பரதம் கற்றவள் நான், அரைமண்டியில் உட்கார்ந்து தரையைத் தட்டிப் பழகிய உடம்பு. விரல்நுனி என்றால் தேவதை, மென்மை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று அது பயமாக இருந்தது, தரையைத் தொட மறுக்கிற ஆத்திரமாக இருந்தது. வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை.

எல்லாம் சுமுகமாகப் போகவும் இல்லை. 2018-ல் குழுவை விட்டு நடனக் கலைஞர்கள் அதிகமாக விலகுகிறார்கள், உள்ளே சூழல் கடுமையாக இருக்கிறது என்ற புகார்கள் பத்திரிகைகளில் வந்தன. அவரைப் பிடிக்கும் என்பதற்காக நான் அதை மறைக்க விரும்பவில்லை.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, அவர் முனைவர் ரோஹோ. உச்ச நிலை நடனக் கலைஞர்களின் உளவியல் பற்றி ஆய்வு செய்து மாட்ரிட்டில் பட்டம் வாங்கினார். 2022 தொடக்கத்தில் ரேமாண்டா என்ற பழைய செவ்வியல் பாலேயைத் தானே புதிதாக அமைத்தார். இடைக்காலக் கோட்டையில் மணமகனுக்காகக் காத்திருந்த கதாநாயகியை அவர் கிரீமியப் போருக்கு அனுப்பி, செவிலியாக்கிவிட்டார்.

அதே வருட இறுதியில் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ பாலேவுக்குப் போனார். 1933-ல் தொடங்கிய அந்தக் குழுவுக்கு முதல் பெண் கலை இயக்குநர் அவர். ஃப்ரீடா பாலேயை 2024-ல் அங்கேயும் மேடையேற்றினார்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், முதலில் யூடியூபில் அவருடைய ரோஸ் அடாஜியோவைத் தேடிப் பாருங்கள். கால் எல்லாருடைய கண்ணுக்கும் தானாகவே படும், கையை விடுகிற இடத்தில் நீங்கள் முகத்தைப் பாருங்கள். அக்ரம் கானின் ஜிசெல் பதிவிலும் ரோஹோதான் ஜிசெல், அதை இன்னொரு நாள் தனியாக, விளக்கை அணைத்துவிட்டு.